ஆறடித் தொட்டிக்கு எந்தெந்த சிக்லிட் ஒத்துப்போகும்? (ராமநாதபுரம் கடற்கரை, போர் தண்ணீர் உப்பு)

பனைக்குளம்_தொட்டி:
எல்லோருக்கும் வணக்கம். வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டேன். பல வருட ஆசை, ஹாலில் ஒரு பெரிய மீன்தொட்டி. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், 12 எம்எம் கண்ணாடி, அடியில் சம்ப் (தண்ணீரை வடிகட்டி மேலே திருப்பி அனுப்பும் சின்னத் தொட்டி). தொட்டி வந்து இறங்கிவிட்டது, தண்ணீர் இன்னும் விடவில்லை.

மீன் விஷயத்தில்தான் குழப்பம். சிக்லிட் என்பது ஒரு மீன் குடும்பம் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். விசாரித்த கடையில், "உங்க ஊர் உப்புத் தண்ணிக்கு ஆப்பிரிக்கன் சிக்லிட்தான் சரி, மிக்ஸ் பாக்கெட் இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். மகளுக்கு ஆஸ்கர் மீன் வேண்டுமாம், கையிலிருந்து இரை வாங்கும் வீடியோ பார்த்திருக்கிறாள். எனக்கு நீலமும் மஞ்சளுமாக நிறைய மீன் ஓட வேண்டும். வீட்டுக்காரம்மா சொல்வது ஒன்றே ஒன்று: சண்டை போட்டுச் செத்து மிதக்கிற மீன் வேண்டாம். மூன்றையும் ஒரே தொட்டியில் முடிக்க வழி உண்டா?

கீழக்கரை_காக்கா:
வாங்க தம்பி. மீனுக்கு முன்னால் ஒரு வார்த்தை. உங்கள் தொட்டி 24 கன அடி, அதாவது சுமார் 680 லிட்டர். தண்ணீர் எடை மட்டும் 680 கிலோ, கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்தால் முக்கால் டன்னைத் தாண்டிவிடும். தரைத்தளமா, மாடியா? மாடி என்றால் பீம் எங்கே ஓடுகிறது என்று கொத்தனாரிடம் கேட்டுவிட்டுத் தண்ணீர் விடுங்கள்.

மிக்ஸ் பாக்கெட் வேண்டவே வேண்டாம். இரண்டு அங்குலக் குஞ்சில் எல்லாமே அழகாக, சாதுவாகத்தான் இருக்கும். மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட ஒன்று அதில் கட்டாயம் இருக்கும், பெயர் ஆராட்டஸ். ஆண் வளர்ந்ததும் மஞ்சள் போய்க் கறுத்துவிடும். அப்புறம் தொட்டியே அதன் சொத்து. கென்யி என்று இன்னொன்று, குஞ்சில் நீலம். ஆண் வளர்ந்தால் மஞ்சளாக மாறும், பெண் நீலமாகவே நிற்கும். இதுவும் முரடு. நீங்கள் கேட்ட நீலமும் மஞ்சளும் இந்த இரண்டிலேயே கிடைத்துவிடும், ஆனால் வீட்டுக்காரம்மா கேட்டது கிடைக்காது.

பரமக்குடி_சிக்லிட்:
காக்கா சொல்வதை முழுசாக ஏற்க மாட்டேன். நான் கலந்துதான் வளர்க்கிறேன். சூட்சுமம் எண்ணிக்கையில் இருக்கிறது. பத்து மீன் இருந்தால் ஒரு ரவுடி ஒரே மீனைத் துரத்திக் கொல்லும். முப்பது இருந்தால் யாரைத் துரத்துவது என்று அதற்கே தெரியாது. பில்டரை மட்டும் டபுளாகப் போடுங்கள், வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுங்கள். அவ்வளவுதான்.

கீழக்கரை_காக்கா:
எண்ணிக்கை விஷயத்தில் பரமக்குடியார் சொல்வது சரி. கடைக்காரர் சொன்ன ஆப்பிரிக்கன் சிக்லிட், அதாவது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் பாறை மீன்களுக்கு அது பொருந்தும். அவை ஏரியிலும் பாறை இடுக்குகளில் கும்பலாகத்தான் கிடக்கின்றன. அதற்காக எந்த மீனையும் எந்த மீனோடும் போடலாம் என்று ஆகிவிடாது. கூட்டத்தால் சண்டை பகிர்ந்து போகும், குணம் மாறாது. ஆராட்டஸ் ஆண் முப்பது மீனுக்கு நடுவிலும் ஆராட்டஸ்தான்.

தொண்டி_உப்பங்காற்று:
நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள், அதனால் மீனுக்கு முன்னால் தண்ணீர்தான் கண்ணில் படும். "உப்புத் தண்ணீர் ஊருக்கு ஆப்பிரிக்க சிக்லிட்" என்பதைக் கடற்கரை ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். பாதிதான் சரி.

மலாவி ஏரித் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, பிஎச் ஏறக்குறைய 7.7 முதல் 8.6 வரை. அந்தக் காரத்தைத் தாங்கிப் பிடிப்பது கார்பனேட், பைகார்பனேட். சோற்று உப்பு இல்லை. மொத்தத்தில் கரைந்திருப்பதும் கொஞ்சம்தான், டிடிஎஸ் மீட்டரை (கரைந்த உப்பின் மொத்த அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) வைத்தால் 200 பக்கம் காட்டும். அதாவது நாம் குடிக்கிற தண்ணீர் அளவுக்கு லேசானது. இன்னொரு ஆப்பிரிக்க ஏரியான டாங்கனிக்கா அதைவிடக் கனம், அதுவும் 400-ஐ ஒட்டித்தான்.

நம் கடற்கரை போரில் ஏறுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. டிடிஎஸ் மீட்டர் எல்லா உப்பையும் ஒரே எண்ணாகக் கூட்டிச் சொல்லிவிடும், எது சோற்று உப்பு, எது சுண்ணாம்பு என்று பிரித்துச் சொல்லாது. அதனால் 2000 காட்டுகிற தண்ணீரைப் பார்த்து "நல்ல கடினத் தண்ணீர், மலாவிக்கு ஏற்றது" என்று முடிவு கட்டக் கூடாது. கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை), ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை) இரண்டுக்கும் சொட்டுப் பரிசோதனை கிட் கிடைக்கிறது. வாங்கிப் பார்த்துவிட்டு எண்களை இங்கே போடுங்கள். போர், காவிரிக் குழாய் இரண்டிலும் எடுங்கள்.

பனைக்குளம்_தொட்டி:
தரைத்தளம்தான் காக்கா, கீழே சிமெண்ட் தளம் கெட்டி.

அக்கா, கிட் வாங்கிப் பார்த்தேன். போர் தண்ணீர்: டிடிஎஸ் 2400, பிஎச் 8.0, ஜிஎச் 24, கேஎச் 11. காவிரிக் கூட்டுக் குடிநீர்: டிடிஎஸ் 350, பிஎச் 7.8, ஜிஎச் 9, கேஎச் 7. காவிரித் தண்ணீர் தினமும் வராது, தரைத் தொட்டியில் பிடித்துத்தான் வைக்கிறோம்.

தொண்டி_உப்பங்காற்று:
காவிரித் தண்ணீரை அப்படியே விட்டாலே மலாவிக்குப் போதும் தம்பி. கேஎச் 7, பிஎச் 7.8 என்பதெல்லாம் கிட்டத்தட்ட ஏரிக் கணக்கு. ஒரு சொட்டு போர் தண்ணீரும் தேவையில்லை. தண்ணீர் வராத வாரத்தில் சமாளிக்கக் கலந்தாலும் நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் 760 வரும், அது தாங்கும். ஆனால் ஒரு வாரம் 350, மறு வாரம் 2400 என்று ஊஞ்சலாட்டம் கூடாது. மீன் எண்ணைப் பற்றிக் கவலைப்படாது, எண் திடீரென்று மாறுவதைத்தான் தாங்காது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். தரைத் தொட்டியில் கிடந்தது என்று நம்பிவிடாமல் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து போட்டே விடுங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் விஷமான பங்கு எவ்வளவு என்பதை பிஎச்சும் சூடும்தான் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி சூட்டில் பிஎச் 7 என்றால் விஷப் பங்கு 1 சதவீதத்துக்கும் கீழே. அதே சூட்டில் பிஎச் 8.2 என்றால் சுமார் 11 சதவீதம். நம் ஊரில் ஹீட்டர் போடாமலேயே தண்ணீர் 30 டிகிரியில்தான் கிடக்கும். அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா பில்டரில் வளராத புதுத் தொட்டியில் முப்பது சிக்லிட்டைக் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மீன் இல்லாமல் பில்டரை ஓட்டி, அம்மோனியா கொடுத்துப் பழக்குங்கள். பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அம்மோனியாவும், அது சிதைந்து வரும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீன் பற்றிப் பேசலாம்.

பாம்பன்_பையன்:
அண்ணே, பிஎச் ஏற்ற மருந்தெல்லாம் எதுக்கு? கடற்கரையில் காய்ந்த பவளக் கல் கிடக்கும், நாலு பொறுக்கிப் போட்டால் பிஎச் தானாக நிற்கும். ராமேஸ்வரத்து மிதக்கும் கல்கூட அதுதான் என்கிறார்கள். தொட்டிக்குள் பார்க்கவும் சூப்பராக இருக்கும்.

மண்டபம்_கரைவலை:
தம்பி, அதை மட்டும் செய்துவிடாதே. பாறையாக வளரும் பவளங்கள் 2001-லிருந்து வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி, யானை இருக்கும் அதே அட்டவணை. உயிருள்ளதா, செத்ததா, கரையில் ஒதுங்கியதா என்ற கேள்வியே இல்லை, வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு. நம் பக்கத்துத் தீவுகள் 21-ம் 1986-லிருந்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. ஹாலில் கண்ணாடிக்குள் பவளக் கல்லை அடுக்கி, அதைப் படம் பிடித்து வேறு போட்டால், வனத்துறைக்கு நாமே மனு எழுதிக் கொடுத்த மாதிரி. பழைய வீட்டுச் சுவரை இடித்த பவளக் கல்லும் வேண்டாம், அதிலிருக்கும் பழைய சுண்ணாம்புப் பூச்சு பிஎச்சை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று சொல்ல முடியாது.

சுண்ணாம்புச் சத்துதான் வேண்டும் என்றால் கோழித்தீவனக் கடையில் உடைத்த கிளிஞ்சல் கிடைக்கிறது. கழுவி, வலைப்பையில் கட்டி, சம்ப்பில் போடுங்கள். விலையும் கொஞ்சம்தான். பிஎச் இறங்கினால் கரையும், ஏறினால் சும்மா கிடக்கும்.

பாறைக்குக் கருங்கல் போதும். நம் மாவட்டத்தில் மணலும் களிமண்ணும்தான், கல்லுக்குக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் சொல்லி வையுங்கள். அஸ்திவாரத்துக்கு வந்து மிஞ்சிய பெரிய கல்லாகப் பார்த்து எடுங்கள். சிமெண்ட் ஒட்டியிருக்கக் கூடாது. கடல் மணல் அள்ளுவதும் வேண்டாம், சட்டச் சிக்கல் ஒரு பக்கம், உப்பு இன்னொரு பக்கம்.

கீழக்கரை_காக்கா:
கல் என்றதும் ஒன்று. முதலில் கல், அப்புறம் மணல். இந்த மீன்கள் குழி தோண்டும். மணல்மேல் கல்லை நிறுத்தினால் அடியில் தோண்டித் தோண்டிக் கல் சரிந்து கண்ணாடியில் விழும். தொட்டியின் அடியில் தெர்மோகோல் ஷீட் போட்டு, அதன்மேல் கல்லை உட்கார வைத்து, பிறகு மணலைப் பரப்புங்கள். ஒரே மலையாகக் குவிக்காமல் இடமும் வலமும் நடுவிலுமாக மூன்று குவியல் வையுங்கள். ஒரு குவியலிலிருந்து பார்த்தால் அடுத்தது முழுசாகத் தெரியக் கூடாது. சண்டையில் பாதி இதிலேயே குறைந்துவிடும்.

இனி மீன். மலாவியிலேயே இரண்டு வகை ஆட்கள். பாறையை ஒட்டி வாழ்கிற முபுனா, பாறையில் படிந்த பாசியையும் அதிலிருக்கும் பூச்சியையும் சுரண்டித் தின்னும், சுறுசுறுப்பு, சண்டை. மணல் பக்கம் வாழ்கிற பீகாக், தலையில் உள்ள உணர்வுக் குழிகளால் மணலுக்குள் நெளியும் புழுவைக் கண்டுபிடித்துத் தின்னும், நிதானமான மீன். கடையில் இரண்டையும் ஒரே தொட்டியில்தான் வைத்திருப்பார்கள். வாங்கி வந்தால் ஆறு மாதத்தில் பீகாக் ஒரு மூலையில் நிறம் மங்கி நிற்கும். தீனியும் ஒத்துவராது. முபுனாவுக்கு ஸ்பைருலினா கலந்த தாவர உணவு வேண்டும், புழுவும் மாட்டிறைச்சி இருதயமும் கொடுத்தால் வயிறு வீங்கிச் சாகும்.

ஆகவே ஒன்று முபுனா, இல்லை பீகாக். உங்களுக்கு நிறைய மீன் ஓட வேண்டும் என்றால் முபுனா. என் கணக்கு இது: எல்லோ லேப் 10, ரஸ்டி 8, ஏசெய் 8. எல்லோ லேப் முபுனாவிலேயே சாது, மஞ்சள். ரஸ்டி ஊதா கலந்த துருநிறம், அதுவும் சாது. ஏசெய் நீல உடம்பு, மஞ்சள் வால், தொட்டியின் மேல்பாதியில் கூட்டமாக நீந்தும். மேலே ஒரு கூட்டம், கீழே இரண்டு கூட்டம் என்று இடம் பிரிந்துவிடும். மூன்றும் நிறத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. இது முக்கியம். முபுனா ஆண் முதலில் அடிப்பது தன்னைப் போலவே இருக்கிற மீனைத்தான். ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்ற அளவில் நின்றால் நல்லது. குஞ்சில் ஆண் பெண் தெரியாது, வளர்ந்தபின் அதிகப்படி ஆண்களை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும்.

பரமக்குடி_சிக்லிட்:
டெமசோனியை விட்டுவிட்டீர்களே! கறுநீலக் கோடு போட்ட அந்த மீன் இல்லாத மலாவி தொட்டி ஒரு தொட்டியா?

கீழக்கரை_காக்கா:
அழகுதான், மறுக்கவில்லை. மூன்றங்குல மீனுக்கு அத்தனை கோபம். நான்கைந்து வாங்கினால் தங்களுக்குள் அடித்துக்கொண்டு ஒன்றுதான் மிஞ்சும். வாங்கினால் பன்னிரண்டுக்குக் குறையாமல், கோடு போட்ட வேறு மீனே இல்லாத தொட்டியில். முதல் தொட்டி வைக்கிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

ரெட் ஜீப்ரா என்ற இன்னொரு முபுனாவும் இந்தப் பட்டியலோடு வேண்டாம். எல்லோ லேப்போடு கலந்து குஞ்சு போட்டுவிடும். கடையில் எல்லோ லேப் என்று விற்கும் பாதி மீன் இப்போதே அந்தக் கலப்பு என்று எனக்குச் சந்தேகம். முதுகுத் துடுப்பில் தெளிவான கறுப்புக் கோடு, மழுங்காத மஞ்சள், இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

பனைக்குளம்_தொட்டி:
காக்கா, பட்டியல் மனசுக்குப் பிடித்துவிட்டது. மகளின் ஆஸ்கரை என்ன செய்ய? ஒன்றே ஒன்று கூடப் போடக் கூடாதா?

பரமக்குடி_சிக்லிட்:
இதில் நானே வேண்டாம் என்பேன். ஆஸ்கர் அமேசான் பக்கத்து மீன், ஒரு அடி வளரும். வாய்க்குள் நுழைகிற எதையும் விழுங்கும். அது பெரிதாகும் வரை முபுனாக்கள் அதன் துடுப்பைக் கடித்துக்கொண்டே இருக்கும், பெரிதான பிறகு அது அவற்றைத் தின்னும். தீனியும் வேறு.

மகளுக்காகத்தான் தொட்டி என்றால் முழுசாக அந்தப் பக்கம் போய்விடுங்கள். ஆறடித் தொட்டிக்கு இரண்டு ஆஸ்கர், கூட அதே தென் அமெரிக்கப் பக்கத்து மீன்களான செவரம் இரண்டு, ஜியோபேகஸ் ஒரு கூட்டம், மேலே சில்வர் டாலர். கையில் இரை வாங்கும், ஆளைப் பார்த்தால் ஓடி வரும், முபுனாவிடம் அந்த நெருக்கம் கிடைக்காது. ஆனால் அழுக்கு அதிகம், தண்ணீரும் அதிகம் மாற்ற வேண்டும். உங்கள் ஊரில் காவிரித் தண்ணீர் வரும் லட்சணத்துக்கு அது கட்டுப்படியாகுமா என்று யோசியுங்கள். பிளவர்ஹார்ன் என்ற கலப்பின சிக்லிட் பக்கம் மட்டும் பார்க்காதீர்கள். நான் வைத்திருக்கிறேன், அதற்குத் துணை என்றால் கண்ணாடியில் தெரியும் அதன் நிழல் ஒன்றுதான்.

மண்டபம்_கரைவலை:
எல்லோரும் ஆப்பிரிக்காவுக்கும் அமேசானுக்கும் போய்விட்டீர்கள். நம் ஊரணியில் கிடக்கும் ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தானே. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் அப்போது எங்கள் மண்டபத்தில்தான் இருந்தது, இந்த மீனைப் பற்றிய ஆரம்ப ஆய்வுகளும் இங்கே நடந்தன. குட்டையில், கண்மாயில், உப்பங்கழியில், கடல் தண்ணீரில்கூடத் தாக்குப் பிடிக்கிறது. முட்டையைப் பெண் வாயில் வைத்துக் காப்பதால் குஞ்சு தப்பிவிடும். இப்போது அதை எந்தக் கண்மாயிலிருந்தும் எடுக்க முடியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தொட்டி வேண்டாம் என்று ஆகிற அன்று மீனை சக்கரக்கோட்டை கண்மாயில் விட்டுவிடும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. விடாதீர்கள். கடையில் திருப்பிக் கொடுங்கள், இல்லை இங்கே ஒரு பதிவு போடுங்கள், யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம் இந்தியாவுக்கே சொந்தமான சிக்லிட்டும் இருக்கிறது. கரிமீன்! கேரளத்தில் 2010-ல் மாநில மீன் ஆக்கினார்கள். நம் கிழக்குக் கரைக் கழிமுகங்களிலும் உண்டு. அதன் சிறிய உறவு ஆரஞ்சு குரோமைட், மூன்றங்குலம்தான். இரண்டும் இயற்கையில் ஒன்றாகவே வாழ்கின்றன. சின்ன ஆரஞ்சு குரோமைட்டுகள் கரிமீனின் உடம்பில் ஒட்டிய ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்யும். சமயம் கிடைத்தால் கரிமீன் முட்டையையும் தின்னும், அது வேறு விஷயம். ஒத்துப்போகும் சிக்லிட் என்று கேட்டீர்கள், இதைவிடப் பழைய ஜோடி கிடையாது.

தொண்டி_உப்பங்காற்று:
மண்டபம் அண்ணன் சொன்னதில்தான் அந்த 2400 டிடிஎஸ் போர் தண்ணீருக்கு வேலை இருக்கிறது. கடல் தண்ணீர் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் உங்கள் போர் 2.4 கிராம், லேசான உவர்நீர். கரிமீனுக்கும் ஆரஞ்சு குரோமைட்டுக்கும் அது வீட்டுத் தண்ணீர். காவிரிக் குழாயை எதிர்பார்த்து உட்கார வேண்டாம், மோட்டாரைப் போட்டால் போதும். முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையம் கரிமீன் குஞ்சு உற்பத்தியில் வேலை செய்திருக்கிறது, குஞ்சு எங்கே கிடைக்கும் என்று அங்கே கேட்டுப் பார்க்கலாம். கரிமீன் தனியாக இருந்தால் மிரண்டு போகும், ஆறேழாக வளர்க்க வேண்டும். அம்மோனியாவைத் தாங்காது. செடி வைத்தால் தின்றுவிடும்.

நானாக இருந்தால் இதைத்தான் வைப்பேன். ஆனால் நீலமும் மஞ்சளும் கேட்டவரிடம் சாம்பல் பச்சையைத் திணிக்க முடியாது.

பாம்பன்_பையன்:
கரிமீனைத் தொட்டியில் பார்த்துக்கொண்டே எப்படி அக்கா சும்மா இருப்பது, வாழையிலை ஞாபகம் வராதா?

பனைக்குளம்_தொட்டி:
வீட்டில் இந்தப் பதிவுகள் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். முடிவு இது. பெரிய தொட்டியில் காக்கா சொன்ன முபுனா மூன்று வகை, காவிரித் தண்ணீர் மட்டும். மகளுக்குக் கரிமீன் கதை பிடித்துவிட்டது, ஆஸ்கரை விட்டுவிட்டாள். மொட்டை மாடியில் சும்மா கிடக்கும் சிமெண்ட் தொட்டியில் போர் தண்ணீர் விட்டுக் கரிமீனும் ஆரஞ்சு குரோமைட்டும் வளர்க்கப் போகிறோம். பில்டர் இப்போது காலியாக ஓடுகிறது. சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் இருந்து முபுனா வரவழைக்க நினைக்கிறேன், பார்சலில் தாங்குமா? மின்வெட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?

கீழக்கரை_காக்கா:
மொட்டை மாடித் தொட்டிக்கு நிழல்வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் சித்திரையில் தண்ணீர் சுட்டுவிடும். ஹாலிலும் அக்னி நட்சத்திர நாட்களில் 32 டிகிரி தாண்டும். மூடியைத் திறந்துவைத்துத் தண்ணீர்மேல் சின்ன விசிறி ஓட விடுங்கள், கூடுதலாகக் காற்றுக் கல் போடுங்கள். சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனின் கோபமும் கூடும்.

மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். ஐப்பசி கார்த்திகையில் புயல் என்றால் நம் பக்கம் ராத்திரி முழுக்கக் கரண்ட் இருக்காது. முப்பது சிக்லிட் இருக்கும் தொட்டி அத்தனை நேரம் காற்றில்லாமல் தாங்காது. மோட்டார் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் கொஞ்சம் சம்ப்புக்கு இறங்கும், அதற்கு சம்ப்பில் இடம் விட்டிருக்கிறீர்களா? இப்போதே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். ஹால் நனைவதாக இருந்தால் மீன் வருவதற்கு முன்னாலேயே நனைந்துவிடட்டும்.

பார்சல் தாங்கும், ராத்திரி வண்டியில் வரச் சொல்லுங்கள். முதல் நாள் அவர்கள் இரை போடாமல் பாக்கெட் கட்ட வேண்டும், அதைச் சொல்லிவிடுங்கள். மூன்று வகையும் ஒரே அளவுக் குஞ்சாக, ஒரே நாளில் உள்ளே போகட்டும். முடியாவிட்டால் எல்லோ லேப்பும் ரஸ்டியும் முதலில், ஏசெய் பிறகு. முந்தி வந்தவன் இடம் பிடித்துவிடுவான். விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள், அன்றைக்கு இரை வேண்டாம்.

பனைக்குளம்_தொட்டி:
பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன் காக்கா. சம்ப் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்றது.

கீழக்கரை_காக்கா:
இரண்டு விரல் போதாது. சம்ப் மட்டத்தை இன்னும் கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள், மேல்குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு ஓட்டையும் போடுங்கள், காற்று புகுந்து சைபன் அறுந்து, தண்ணீர் கீழே இறங்குவது நின்றுவிடும். அந்த ஓட்டையில் பாசி அடைக்கும், தண்ணீர் மாற்றும்போதெல்லாம் குத்திவிட வேண்டும்.

மண்டபம்_கரைவலை:
குரோமைட் வந்ததும் படம் போடுங்கள் தம்பி. எங்கே கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.